கொக்கோடா நடைக்குப் போகிறவர்கள் முதலில் கேட்க வேண்டியது

பப்புவா நியூ கினியின் கொக்கோடா தடத்தில் நடக்க ஆசைப்படுகிறவர்கள் வழக்கமாக மூன்று கேள்விகளோடு வருவார்கள். எந்த மாதம் போகலாம்? என்ன ஷூ வாங்கலாம்? என் உடம்பு தாங்குமா? மூன்றுக்கும் கீழே பதில் உண்டு. ஆனால் இவற்றுக்கெல்லாம் முன்னால் கேட்க வேண்டியது வேறு: என் சுமையை யார் தூக்கப் போகிறார், அவருக்கு என்ன கிடைக்கிறது? உங்கள் பயணம் பத்திரமாக முடிவதும் அதில் நியாயம் இருப்பதும் இந்தக் கேள்விக்குக் கிடைக்கும் பதிலைப் பொறுத்தவை. இந்த மலையின் வரலாறே அதற்குச் சாட்சி.

1942-இன் சுமைக் கணக்கு

1942 ஜூலை 21 அன்று ஜப்பானியப் படை நியூ கினியின் வடகரையில் கோனா அருகே இறங்கியது. அதன் இலக்கு தென்கரையிலிருந்த போர்ட் மோர்ஸ்பி. இடையில் ஓவன் ஸ்டான்லி மலைத்தொடர். அதைக் கடக்கும் முக்கிய வழி ஓர் ஒற்றையடிப் பாதைதான். ஓவர்ஸ் கார்னரிலிருந்து கொக்கோடா வரை 96 கிலோமீட்டர் நீளும் அந்தப் பாதையில்தான் ஜூலை முதல் நவம்பர் வரை ஆஸ்திரேலியர்களும் ஜப்பானியர்களும் மோதினார்கள். 600-க்கும் மேற்பட்ட ஆஸ்திரேலிய வீரர்கள் இறந்தார்கள். காயம்பட்டவர்களைவிட மலேரியாவிலும் சீதபேதியிலும் விழுந்தவர்கள் மிக அதிகம்.

வண்டி போக முடியாத மலை அது. அரிசி, டின் இறைச்சி, தோட்டா, மருந்து எல்லாமே மனித முதுகில்தான் ஏறின. சுமைதூக்கிகளைத் திரட்டி நடத்தும் பொறுப்பு பெர்ட் கீன்ஸ்லிக்கு வந்தது. போருக்கு முன் கொக்கோடா பக்கத்தில் ரப்பர் தோட்டம் வைத்திருந்தவர் அவர். அவர் போட்ட கணக்கு இது: உணவை மட்டும் சுமந்து நடக்கும் ஒருவர், 13 நாளில் தன் சுமை முழுவதையும் தானே தின்று முடித்துவிடுவார். ஒரு சிப்பாய்க்கும் சேர்த்துச் சுமந்தால் இருவருக்கும் ஆறரை நாளுக்குத்தான் வரும். ஆள்களை எத்தனை கூட்டினாலும் இந்தக் கணக்கு மாறாது. அதனால்தான் கீன்ஸ்லி மலை உச்சிப் பகுதியில் மயோலா என்ற வறண்ட ஏரிப் படுகையைத் தேடிக் கண்டுபிடித்தார். விமானங்கள் அங்கே மூட்டைகளை வீசின.

காயம்பட்டவர்களைக் கீழே கொண்டுவந்தவர்களும் இதே சுமைதூக்கிகள்தாம். ஒரு ஸ்ட்ரெச்சருக்கு எட்டுப் பேர் வேண்டும். ஆஸ்திரேலியச் சிப்பாய்கள் அவர்களைத் தேவதைகள் என்று கொண்டாடினார்கள். அந்தப் புகழ்ச்சிக்குப் பின்னால் இருந்த உண்மையையும் சொல்ல வேண்டும். 1942 ஜூனில் வந்த ஆணை ஒன்று, உள்ளூர் ஆண்களைக் கட்டாயமாக வேலைக்கு எடுக்க வழிசெய்தது. அப்படி மனைவி, பிள்ளைகள், தோட்டம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு இழுத்துவரப்பட்டவர்கள் பலர். அளவுக்கு மீறிய சுமையும் மலைக்குளிருக்குப் போதாத போர்வையும் அவர்களை எப்படி வாட்டின என்பதை, அவர்களுக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் ஜெஃப்ரி வெர்னன் எழுதிவைத்திருக்கிறார். ஜப்பானியர்களும் ரபவுலிலிருந்து உள்ளூர் மக்களைச் சுமை தூக்கக் கொண்டுவந்தார்கள்.

இன்று உங்கள் பையைத் தூக்கப்போகும் இளைஞர் அநேகமாக அந்தச் சுமைதூக்கிகளில் ஒருவரின் பேரனோ கொள்ளுப்பேரனோதான். பாதையின் தெற்குப் பகுதியில் கோயாரி மக்கள், வடக்கில் ஓரோகைவா மக்கள். அன்று அவர்களுடைய தாத்தாவுக்குக் கிடைக்காத நியாயம் இன்று இவர்களுக்குக் கிடைக்கிறதா என்பது, பணம் கட்டும் உங்கள் கையில் இருக்கிறது.

ஏற்பாட்டாளரிடம் கேட்க வேண்டியவை

இந்தத் தடத்தில் நடக்க அனுமதிச் சீட்டு வேண்டும். கொக்கோடா தட ஆணையம் அதை வழங்குகிறது. உரிமம் பெற்ற பயண ஏற்பாட்டாளர் வாங்கித் தருவார். உரிமம் இல்லாதவரோடு போகாதீர்கள். உரிமம் உள்ளவர்களிலும் விலை குறைந்தவரை அவசரப்பட்டுப் பிடிக்காதீர்கள். கட்டணம் வெகுவாகக் குறைந்தால், அந்தக் குறைவு அநேகமாகச் சுமைதூக்கியின் கூலியிலிருந்தோ சாப்பாட்டிலிருந்தோதான் வந்திருக்கும்.

முன்பணம் கட்டுவதற்கு முன் இவற்றை எழுத்தில் கேளுங்கள்.

ஒரு சுமைதூக்கி அதிகபட்சம் எத்தனை கிலோ தூக்குவார்? அதில் அவருடைய சொந்தச் சாமானும் சேருமா? புறப்படும் இடத்தில் மூட்டையைத் தராசில் நிறுத்துக் காட்டுவீர்களா?

ஒரு நாள் கூலி எவ்வளவு? எப்போது, யார் கையில் தருவீர்கள்?

இரவில் அவர் எங்கே படுப்பார்? பாய், போர்வை, மழைக்கோட்டு, காலணி யார் கொடுப்பது? எங்களுக்குச் சமைக்கும் சாப்பாடு அவருக்கும் உண்டா, அவர் தனியாகப் பார்த்துக்கொள்ள வேண்டுமா?

நடை முடிந்ததும் அவர் எப்படி வீடு திரும்புவார்? இதைப் பலரும் கேட்க மறந்துவிடுகிறார்கள். கொக்கோடா பக்கத்துக் கிராமத்துக்காரர் உங்களோடு ஓவர்ஸ் கார்னர் வரை வந்துவிட்டால், அவர் வீடு மலைக்கு அந்தப் பக்கம். திரும்ப விமானச் செலவோ, நடந்து போகும் நாள்களுக்கான படியோ கொடுக்காவிட்டால், அவர் கூலியில்லாமல் அத்தனை நாளும் நடக்க வேண்டும்.

அவருக்கு அடிபட்டால் மருத்துவச் செலவு யாருடையது?

நேர்மையான ஏற்பாட்டாளர் இவற்றுக்கு எண்களோடு பதில் சொல்வார். "எங்கள் பையன்கள் எல்லாரும் சந்தோஷமாக இருக்கிறார்கள்" என்று மட்டும் பதில் வந்தால் அடுத்தவரைப் பாருங்கள்.

தலைமை வழிகாட்டியைப் பற்றியும் கேளுங்கள். அவர் உள்ளூர்க்காரரா? முதலுதவி படித்தவரா? சாட்டிலைட் போன் வைத்திருப்பாரா? செல்போன் சிக்னலை நம்பி இந்த மலையில் இறங்கக் கூடாது. வெளிநாட்டிலிருந்து ஒருவர் வந்து போர் வரலாறு சொல்வது நல்லதுதான். ஆனால் தாத்தா வாயால் கேட்டதைச் சொல்லும் உள்ளூர் வழிகாட்டியும் இருந்தால்தான், படைகள் தோட்டத்தைச் சூறையாடியதும் கிராமத்தார் காட்டுக்குள் ஒளிந்ததும் உங்கள் காதுக்கு வரும். தளபதிகளின் நூல்களில் அந்தப் பக்கம் மெலிந்தே இருக்கிறது.

உங்களுக்கென்று தனிச் சுமைதூக்கி வைத்துக்கொள்வதைக் கௌரவக் குறைச்சலாக நினைக்க வேண்டாம். என் யோசனை: வைத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்கு வேலை கிடைக்கிறது. வழுக்கும் மரக்கட்டைப் பாலத்தில் உங்கள் கையைப் பிடிக்க, இறக்கத்தில் பின்னாலிருந்து பை வாரைப் பற்றிக்கொள்ள, பாதையை அறிந்த ஒருவர் கூடவே இருப்பார்.

எந்தப் பக்கத்திலிருந்து, எப்போது

பெரும்பாலானோர் எட்டு முதல் பத்து நாளில் நடந்து முடிக்கிறார்கள். முதல்முறை போகிறவர்களுக்குப் பத்து நாள் திட்டமே நல்லது. நாளைக் குறைத்தால் இருட்டில் நடக்க நேரும். இருட்டில்தான் கணுக்கால் பிசகும்.

கொக்கோடாவிலிருந்து தெற்கே நடந்தால், ஆஸ்திரேலியர்கள் சண்டையிட்டுக்கொண்டே பின்வாங்கிய ஆகஸ்ட், செப்டம்பர் நாள்கள் வரிசையாக வரும். முதலில் இசுராவா. 1942 ஆகஸ்ட் 29 அன்று ஆஸ்திரேலிய வீரர் புரூஸ் கிங்ஸ்பரி பிரென் துப்பாக்கியோடு எதிரியை நோக்கி ஓடி உயிர்விட்ட இடம். பின்னர் அவருக்கு விக்டோரியா கிராஸ் விருது வழங்கப்பட்டது. துணிவு, தாங்குதிறன், தோழமை, தியாகம் என்று பொறித்த நான்கு கருங்கல் தூண்கள் 2002 முதல் அங்கே நிற்கின்றன. பிறகு டெம்பிள்டன்ஸ் கிராசிங், மயோலா, எஃபோகி, ஆஸ்திரேலியர்கள் சுற்றிவளைக்கப்பட்ட பிரிகேட் ஹில், மெனாரி, நவுரோ. கடைசியில் ஜப்பானியர்கள் எட்டிய எல்லையான யோரிபைவா மேடும், அதற்கு எதிரே ஆஸ்திரேலியர்கள் நிலைகொண்ட இமிட்டா மேடும். தெற்கிலிருந்து வடக்கே நடந்தால், நவம்பர் 2 அன்று கொக்கோடாவை மீட்டெடுத்த முன்னேற்றம் உங்கள் வழியாகிறது.

கதையைத் தவிர இன்னொரு காரணத்துக்காகவும் நான் கொக்கோடாவிலிருந்து தொடங்கச் சொல்வேன். ஓவர்ஸ் கார்னருக்கு மோர்ஸ்பியிலிருந்து சாலை உண்டு. கொக்கோடாவுக்கு மோர்ஸ்பியிலிருந்து விமானம்தான் வழி. மலையில் மேகம் இறங்கிவிட்டால் அது பறக்காது. தாமதம் பயணத்தின் தொடக்கத்தில் வந்தால் சமாளிக்கலாம். முடிவில் வந்தால், ஊருக்குத் திரும்பும் சர்வதேச விமானத்தைத் தவறவிடுவீர்கள். எந்தப் பக்கம் தொடங்கினாலும் கடைசியில் இரண்டு நாள் கையிருப்பு வையுங்கள்.

மழை குறைந்த காலம் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை. குறைவு என்றால் இல்லை என்று பொருளல்ல. பிற்பகல் மழை எந்த மாதத்திலும் வரும். ஆஸ்திரேலியர்கள் போர்வீரர் நினைவு நாளாகக் கொண்டாடும் ஏப்ரல் 25-ஐ ஒட்டிப் பாதையில் கூட்டம் அதிகம். அமைதி வேண்டுமென்றால் மே, ஜூன் அல்லது ஆகஸ்ட், செப்டம்பர்.

உடம்பைத் தயார் செய்வது

கொக்கோடாவில் சமதளம் அரிது. ஒரு மேடு ஏறி, ஓடை வரை இறங்கி, மறுபடி ஏறுவதுதான் நாள் முழுதும். உயரமான கடவை 2,000 மீட்டரைத் தாண்டும். வேர்கள் பின்னிய பாதை, களிமண், புழுக்கம். இதய நோயால் இங்கே உயிரிழந்த பயணிகள் உண்டு. நாற்பதைக் கடந்தவர்கள் டிரெட்மில் பரிசோதனை செய்து மருத்துவரின் ஒப்புதல் வாங்காமல் பணம் கட்டக் கூடாது. சர்க்கரை நோய், ரத்த அழுத்தம் இருந்தால் அதை ஏற்பாட்டாளரிடம் மறைக்காதீர்கள். நீங்கள் மயங்கி விழுந்தால் ஸ்ட்ரெச்சரில் தூக்கப் போவது அந்தச் சுமைதூக்கிகள்தான்.

பயிற்சிக்கு ஆறு மாதம் ஒதுக்குங்கள். ஜிம்மைவிட மாடிப்படி மேல். பத்துக் கிலோ பையோடு ஏறுங்கள். அதைவிட முக்கியம், பையோடு இறங்குங்கள். முழங்காலைப் பதம்பார்ப்பது இறக்கம்தான். வெள்ளியங்கிரி மலையை ஒரே நாளில் ஏறி இறங்கியவர்களுக்கு அந்த அனுபவம் கைகொடுக்கும், ஆனால் அது மட்டும் போதாது. மறுநாள் காலை எழுந்து அதே அளவு ஏற முடிகிறதா, மூன்றாம் நாளும் முடிகிறதா என்று பாருங்கள். அடுத்தடுத்த நாள்களில் நடந்து பழகுவதே கொக்கோடாவுக்கான பயிற்சி.

மருந்தும் தண்ணீரும்

பப்புவா நியூ கினியில் மலேரியா கடுமை. தடுப்பு மாத்திரை கட்டாயம். எது உங்களுக்குப் பொருந்தும் என்பதை மருத்துவர் சொல்லட்டும். எந்த மாத்திரையானாலும் ஊர் திரும்பிய பிறகும் தொடர வேண்டும்: டாக்சிசைக்ளின் என்றால் நான்கு வாரம், அட்டோவாகுவோன்–புரோகுவானில் என்றால் ஏழு நாள். டைபாய்டு, ஹெப்படைட்டிஸ் ஏ, டெட்டனஸ் தடுப்பூசிகளையும் முன்கூட்டியே போட்டுக்கொள்ளுங்கள்.

ஓடைத் தண்ணீர் பளிங்காகத் தெரிந்தாலும் வடிகட்டியோ சுத்திகரிப்பு மாத்திரையோ இல்லாமல் குடிக்க வேண்டாம். வியர்வை ஆறாய் ஓடும் இடத்தில் வெறும் தண்ணீரை மட்டும் லிட்டர் லிட்டராகக் குடிப்பதும் ஆபத்து. ரத்தத்தில் உப்பு குறைந்து தலைவலி, வாந்தி, குழப்பம் வரும். ஓ.ஆர்.எஸ். பொட்டலம் தினமும் வேண்டும்.

நடையைப் பாதியில் நிறுத்தவைப்பவை பெரும்பாலும் சிறு தொல்லைகள்: கொப்புளம், தொடை உரசல், சேற்றுப்புண். மாலை கூடாரத்துக்கு வந்ததும் காலைக் கழுவித் துடைத்து, பூஞ்சைக்கொல்லிப் பவுடர் போட்டு, உலர்ந்த காலுறை மாட்டுங்கள். சோம்பலாக இருந்தாலும் ஒரு நாளும் விடாதீர்கள்.

காப்பீடு எடுக்கும்போது ஹெலிகாப்டரில் மீட்கும் செலவு அடங்குகிறதா என்று பார்த்தே கையெழுத்திடுங்கள்.

பையில் என்ன

நீங்கள் பையில் வைக்கும் ஒவ்வொரு பொருளையும் ஒருவர் யோரிபைவா மேட்டில் ஏற்ற வேண்டும். அதை மனத்தில் வைத்துப் பொறுக்குங்கள். பழகிய, கணுக்காலை மூடும் பூட்ஸ். புது ஜோடி வேண்டவே வேண்டாம். இரண்டு ஊன்றுகோல். நடக்க ஒரு செட் உடை, இரவுக்கு ஒரு செட். இரவு உடை நீர்புகாத உறைக்குள்ளேயே இருக்க வேண்டும். காலையில் ஈர உடையையே மறுபடி மாட்டிக்கொள்ளத் தயங்காதீர்கள். மயோலா பக்கம் இரவில் குளிரும். மெல்லிய தூக்கப் பையும் ஒரு கம்பளிச் சட்டையும் போதும். தலைவிளக்கு, கொசு விரட்டி, டாய்லெட் காகிதம், சொந்த மருந்து.

சைவர்கள் முன்பே சொல்லிவிடுங்கள். பல ஏற்பாட்டாளர்கள் டின் இறைச்சியை நம்பியே பட்டியல் போடுகிறார்கள். கிராமத் தோட்டங்களில் சர்க்கரைவள்ளி, சேம்பு, வாழைப்பழம், பூசணிக் கொழுந்து கிடைக்கும். ஒரு சிறு டப்பா பருப்புப் பொடி எடுத்துப் போனால் சோற்றுக்கும் கிழங்குக்கும் ஆகும், கனமும் இல்லை. வழியில் பழமோ குளிர்பானமோ விற்கும் கிராமத்தாரிடம் வாங்கச் சில்லறை கினா நோட்டுகள் வேண்டும். பாதையில் ஏ.டி.எம். கிடையாது.

பாதையிலும் கிராமத்திலும்

வழிகாட்டி "இன்றைக்கு இந்த ஆற்றைக் கடக்க வேண்டாம்" என்றால் கடக்காதீர்கள். நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடித்தாலும், மேலே பெய்த மழை நிமிடங்களில் கீழே வந்துவிடும். அதை அவர் தண்ணீரின் நிறத்திலேயே கண்டுபிடிப்பார். குழுவில் மெதுவாக நடப்பவரின் வேகமே குழுவின் வேகம். அந்த மெதுவான ஆள் நீங்களாக இருந்தால் வெட்கப்படாமல் சொல்லுங்கள்.

பப்புவா நியூ கினியின் நிலத்தில் பெரும்பகுதி இனக்குழுக்களின் மரபு உரிமை. நீங்கள் நடப்பது அரசுப் பூங்காவில் அல்ல; யாரோ ஒரு குடும்பத்தின் தோட்டத்தோரம். அதனால்தான் தங்கும் இடத்துக்குக் கட்டணம் வாங்குகிறார்கள். தங்களுக்கு வர வேண்டிய பங்கு வராதபோது நில உரிமையாளர்கள் பாதையை மறித்ததும் உண்டு. அப்படி நேர்ந்தால் பேச்சை வழிகாட்டியிடம் விட்டுவிட்டு ஒதுங்கி நில்லுங்கள்.

கோயாரி கிராமங்கள் பலவற்றில் செவன்த் டே அட்வென்டிஸ்ட் கிறிஸ்தவர்கள் வாழ்கிறார்கள். வெள்ளி மாலை முதல் சனி மாலை வரை அவர்களுக்கு ஓய்வு நாள். சனிக்கிழமை எந்தக் கிராமத்தில் இருப்பீர்கள் என்று திட்டமிடும்போதே கேளுங்கள். முடிந்தால் அன்று நீங்களும் ஓய்வெடுங்கள், ஆராதனைக்கு அழைத்தால் போங்கள். மது வேண்டாம். நாட்டின் மற்ற இடங்களில் பாக்கு மெல்வது அன்றாட வழக்கம். இந்தக் கிராமங்களில் அதையும் தவிர்க்கிறார்கள். ஆற்றில் குளிக்க ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனி இடம் இருக்கும். கேட்டுவிட்டு, உடம்பை மூடும் உடையோடு இறங்குங்கள். அனுமதி கேட்காமல் யாரையும் படம் எடுக்காதீர்கள். பிள்ளைகளுக்கு மிட்டாய் வாரி இறைப்பதற்குப் பதில், நோட்டும் பென்சிலும் கொண்டுபோய் ஆசிரியர் கையில் கொடுங்கள்.

மாலையில் சுமைதூக்கிகள் குரல் பிரித்துப் பாடுவார்கள். களைப்பு என்று கூடாரத்துக்குள் முடங்கிவிடாமல் அவர்களோடு உட்காருங்கள். உங்கள் பாட்டு ஒன்றையும் கேட்பார்கள், பாடுங்கள்.

போர் விட்டுச் சென்றவை

பதுங்குகுழிகள் இன்னும் தெரியும். சில கிராமங்களில் ஹெல்மெட், துப்பாக்கிப் பாகம், மோர்ட்டார் குண்டு எல்லாவற்றையும் சேர்த்துவைத்துக் காட்டுவார்கள். அதற்குரிய சிறு கட்டணத்தைக் கொடுத்துப் பாருங்கள். கீழே கிடக்கும் எதையும் தொடாதீர்கள். எண்பது ஆண்டு கடந்தும் வெடிக்கும் குண்டுகள் உண்டு. ஒரு தோட்டா உறையைக்கூட நாட்டுக்கு வெளியே எடுத்துப் போகக் கூடாது. போர்ச் சின்னங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது.

மோர்ஸ்பி திரும்பியதும் பொமானா போர்க் கல்லறைக்குப் போங்கள். 3,800-க்கும் மேற்பட்ட கல்லறைகள் அங்கே உள்ளன. பெயர் தெரியாமல் புதைக்கப்பட்டவர்களும் அவற்றில் பலர். இன்னும் நாள் இருந்தால் லே நகரத்துக் கல்லறையையும் பாருங்கள். மலாயாவிலும் ஹாங்காங்கிலும் ஜப்பானியர்களிடம் சிறைப்பட்டு, நியூ கினிக்குக் கொண்டுவரப்பட்டு இறந்த இந்தியப் படைவீரர்கள் அங்கே இருக்கிறார்கள். நம் ஊரிலிருந்து அவர்களைத் தேடிப் போகிறவர்கள் மிகக் குறைவு.

நடை முடிந்த பிறகு

அன்பளிப்பைக் குழுவாகச் சேர்த்து, எல்லாரும் பார்க்க, ஒவ்வொருவர் கையிலும் நேராகக் கொடுங்கள். பூட்ஸ், தலைவிளக்கு, மழைக்கோட்டு போன்றவற்றை விட்டுவர விரும்பினால், யாருக்குத் தேவை என்று தலைமை வழிகாட்டியிடம் கேட்டுக் கொடுங்கள்.

ஊர் வந்தபின் சில மாதங்களுக்குள் காய்ச்சல் அடித்தால், பப்புவா நியூ கினி போய் வந்ததை மருத்துவரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லி, மலேரியா ரத்தப் பரிசோதனை கேளுங்கள். அங்குள்ள ஒரு வகை மலேரியா ஈரலில் பதுங்கியிருந்து பிந்தியும் வரக்கூடியது.

கடைசியாக, ஏற்பாட்டாளருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். உங்கள் வழிகாட்டியும் சுமைதூக்கியும் செய்த நல்லதை அவர்கள் பெயர் சொல்லி எழுதுங்கள். அடுத்த பருவத்தில் அவர்களுக்கு வேலை கிடைக்க அது உதவும். சொன்ன கூலி கொடுக்கப்படவில்லை, நிறுத்த எடைக்கு மேல் சுமத்தினார்கள் என்று கண்டால், அதை ஏற்பாட்டாளருக்கும் தட ஆணையத்துக்கும் தெளிவாக எழுதுங்கள். சுமைதூக்கி தானே புகார் சொன்னால் வேலை போகும் என்று பயப்படுவார். உங்களுக்கு அந்தப் பயம் இல்லை. அதனால் அதைச் சொல்லும் பொறுப்பு உங்களுடையது.